தண்ணி கடைமடை வரைக்கும் வரணும்! நெல்லு நனையாம போய்ச் சேரணும்!

(கடைமடைப் பகுதி விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்கள் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! குத்தகை சாகுபடியாளர்களே! விவசாயத் தொழிலாளர் தோழர்களே! நடவு வயலிலிருந்து நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களே! இளைஞர்களே! 

காவிரி டெல்டா என்று சொன்னாலே மேடைகளில் "நெற்களஞ்சியம்" என்று ஆரம்பித்து விடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் களஞ்சியத்தின் கடைசி மூலையில் இருக்கிற நமக்கு என்ன நிலைமை? தண்ணி வரும்போது நாம கடைசி. வெள்ளம் வரும்போது நாம முதல். நெல்லுக்கு விலை வரும்போது மறுபடியும் நாம கடைசி. இது தலையெழுத்தா? இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கூட்டம். இதிலே பாதி பூமி அமைப்பு, பாதி மனுஷன் செய்த ஏற்பாடு. பூமியை நம்மால் மாற்ற முடியாது. ஏற்பாட்டை மாற்ற முடியும். மாற்றியும் இருக்கிறோம்.

ஆறு எப்படி நம்ம ஊருக்கு வருது?

குடகு மலையில் தலைக்காவிரியில் பிறந்து, கர்நாடகத்தைக் கடந்து, பிலிகுண்டுலு வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து, மேட்டூர் அணையில் சேருகிறது தண்ணீர். அங்கே திறந்து விட்டால் முக்கொம்பு. முக்கொம்பில் கொள்ளிடம் ஒரு பக்கம் பிரிகிறது, காவிரி ஒரு பக்கம் வருகிறது. அடுத்தது கல்லணை. கல்லணையில்தான் பாகப்பிரிவினை. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பாசனத்துக்குப் பிரிகிறது. மிஞ்சினது கொள்ளிடத்தில் போகிறது.

காவிரிப் பக்கம் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், திருமலைராஜன், மண்ணியாறு. வெண்ணாற்றுப் பக்கம் தென்பெரம்பூரில் வெட்டாறு, வடவாறு பிரிகிறது. நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமனியாறு பிரிகிறது. அதற்கும் கீழே ஏ வாய்க்கால், பி வாய்க்கால், சி வாய்க்கால், டி வாய்க்கால். இவ்வளவு கைமாறி, கடைசியில் வயலுக்கு வருகிற மடைதான் நம்ம மடை. அதனால்தான் நமக்குக் கடைமடை என்று பேர். தலைஞாயிறு, கீழையூர், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, கோட்டூர், முத்துப்பேட்டை, சீர்காழி, கொள்ளிடம் என்று வடக்கே இருந்து தெற்கு வரை கடலோரம் பூரா கடைமடைதான். கல்லணைக் கால்வாயை நம்பி இருக்கிற பேராவூரணி, சேதுபாவாசத்திரமும் அதே கதைதான். சங்க காலத்தில் கப்பல் வந்து நின்ற பூம்புகாரில் போய்ப் பாருங்கள். காவிரி ஒரு வாய்க்கால் அகலத்தில் கடலில் சேருகிறது. மேலே அவ்வளவு பிரித்தாகிவிட்டது.

மேட்டூரில் தண்ணீர் திறந்த மூன்றாம் நாள், நாலாம் நாள் கல்லணைக்கு வந்துவிடும். அமைச்சர்கள் வருவார்கள், பூ தூவுவார்கள், பேப்பரில் படம் வரும். அதோடு முடிந்துவிட்டது என்று ஊர் உலகம் நினைக்கிறது. ஆனால் கல்லணையிலிருந்து நம்ம டி வாய்க்காலுக்கு வர வாரக்கணக்கில் ஆகிறது. ஏன்? வாய்க்காலில் மண் மேடு, ஆகாயத்தாமரை, காட்டாமணக்கு, கோரை. முறை வைத்து விடுகிறார்கள், நம்ம முறை வரும்போது மேலே அடைத்து விடுகிறார்கள். ஷட்டரைத் திருப்ப லஸ்கர் இல்லை. ஒரே லஸ்கர் நாலு ரெகுலேட்டரைப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன பண்றது?

இன்னொரு விஷயம். மேல் டெல்டாவில் ஆற்றுத் தண்ணி தாமதமானால் பம்புசெட் வைத்தாவது நாற்றங்கால் போட முடியும். கடலோரத்தில் நமக்கு அந்த வழியும் கிடையாது. போர் போட்டால் உப்புத் தண்ணி. ஆற்றுத் தண்ணி ஒன்றுதான் நமக்கு ஆதாரம். யாருக்கு வேறு வழியே இல்லையோ அவனுக்குத்தான் கடைசியில் தண்ணி. இது என்ன நியாயம்?

மழைக்காலம் வந்தால் கதை தலைகீழ். மேலே பெய்கிற மழை அத்தனையும் நம்ம வயல் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். நமக்குப் பாசனம் கொடுக்கிற ஆறுதான் மேலே இருப்பவர்களுக்கு வடிகால். நிலமோ தட்டையான நிலம். முகத்துவாரத்தில் மண் மேடிட்டு, கடலும் எதிர்த்துத் தள்ளினால் தண்ணி எங்கே போகும்? பயிர் தலை தெரியாமல் நாள் கணக்கில் நிற்கும், வேர் அழுகும். பிறகு கணக்கெடுக்க வருவார்கள்.

கல்லணை முதல் மேட்டூர் வரை

தோழர்களே! இந்த டெல்டா இயற்கை கொடுத்த பரிசு மட்டும் இல்லை. ஆற்றைப் பிரித்து, கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, வருஷா வருஷம் தூர் வாரி மனுஷன் உண்டாக்கினது. கரிகாலன் பேரால் சொல்லப்படுகிற கல்லணை ஆற்று மணலில் கல்லை அடுக்கிக் கட்டியது. அந்தக் கட்டுமானத்தைப் பார்த்துப் படித்தவர்தான் ஆங்கிலேய இன்ஜினியர் ஆர்தர் காட்டன். அப்போது கொள்ளிடம் பள்ளமாகி, தண்ணி எல்லாம் அந்தப் பக்கமே ஓடி, காவிரி மேடாகிக் கொண்டிருந்தது. 1836இல் முக்கொம்பில் மேலணையையும், அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். காவிரிக்குத் தண்ணி திரும்பியது. வெள்ளைக்காரன் நம்மேல் பிரியம் வைத்துக் கட்டவில்லை. 1799இல் தஞ்சாவூர் ராஜ்ஜியத்தைக் கையில் எடுத்துக்கொண்டவனுக்கு நில வரி குறையக் கூடாது என்கிற கவலை. எந்தக் கவலையோ, அணை வந்தது.

1934இல் மேட்டூர் அணை முடிந்தது. 120 அடி நீர்மட்டம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. அதோடு சேர்த்து வெட்டியதுதான் கல்லணைக் கால்வாய். மேட்டூர் வந்த பிறகுதான் ஜூன் 12இல் திறப்பு, ஜனவரி 28இல் மூடல் என்கிற ஒழுங்கு வந்தது. ஜூனில் குறுவை, ஆகஸ்டில் சம்பா, குறுவை அறுத்த வயலில் தாளடி, தை அறுவடைக்குப் பிறகு ஈரத்தில் உளுந்து, பயறு. வருஷம் பூரா வயலில் ஏதாவது இருந்தது, ஜனங்களுக்கு வேலை இருந்தது.

1960இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் தீவிர விவசாயத் திட்டம் வந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1965இல் ஏ.டி.டி. 27 ரகத்தைக் கொடுத்தது. நாட்டில் அரிசிக்குப் பஞ்சம் இருந்த காலம் அது. "கூடுதலா விளைவிச்சுக் கொடு" என்று அரசாங்கம் கேட்டது. நாம் கொடுத்தோம். உரம் போடச் சொன்னார்கள், போட்டோம். மருந்து அடிக்கச் சொன்னார்கள், அடித்தோம். நாட்டுக்குச் சோறு போட்டோம். பதிலுக்கு நாம் கேட்பது இரண்டே இரண்டுதான். பருவத்தில் தண்ணி. கட்டுபடியாகிற விலை.

விளைவித்தவன் கையில் என்ன இருந்தது?

வரலாறு என்றால் அணையும் ராஜாவும் மட்டும் இல்லை. வேலிக் கணக்கில் நிலம் மிராசுதார்களிடமும் மடங்களிடமும் கோவில்களிடமும் இருந்தது. சேற்றில் இறங்கினவன் பண்ணையாள். எதிர்த்துப் பேசினால் சாணிப்பால், சவுக்கடி. பிழைக்க வழியில்லாமல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனவர்கள் எத்தனை பேர்!

இதை மாற்றியது யார்? கன்னடம் பேசும் மண்ணில் பிறந்து 1940களில் இங்கே வந்து நம் சேரிகளிலேயே தங்கிச் சங்கம் கட்டிய பி. சீனிவாசராவும், அவரோடு நின்ற ஆயிரக்கணக்கான பண்ணையாட்களும் குத்தகைதாரர்களும்தான். அந்தப் போராட்டத்தின் விளைவாகத்தான் 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956இல் நியாய வாரச் சட்டம். நில உச்சவரம்பு 1961இல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970இல் 15 என்று குறைந்தது. எதுவும் சும்மா வரவில்லை. கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு பெண்கள், குழந்தைகள் உட்பட 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அந்த 44 பேரும் இந்தக் கடைமடை மண்ணில் உழைத்தவர்கள். நிலம் வைத்திருக்கிற விவசாயியும் கூலிக்குப் போகிற தொழிலாளியும் ஒரே பந்தலில் இன்று உட்கார்ந்திருக்கிறோம் என்றால், அதற்குப் பின்னால் இவ்வளவு ரத்தம் இருக்கிறது. மறந்துவிடக் கூடாது.

தீர்ப்பு இருக்கு, தண்ணி எங்கே?

நடுவர் மன்றம் 1990இல் அமைந்தது. 1991இல் 205 டி.எம்.சி. என்று இடைக்காலத் தீர்ப்பு. 2007இல் இறுதித் தீர்ப்பு 192 டி.எம்.சி. என்றது. 2018 பிப்ரவரி 16 அன்று சுப்ரீம் கோர்ட்டு அதை 177.25 ஆகக் குறைத்தது. ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டுதான் வந்தது. குறைத்ததையாவது மாதக் கணக்குப்படி கொடுக்க வேண்டும் அல்லவா? ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76 டி.எம்.சி. என்று தெளிவாகப் பட்டியல் இருக்கிறது. பயிருக்குத் தண்ணி தேவைப்படும் மாதத்தில் கொடுப்பதுதான் பங்கீடு. கர்நாடக அணைகள் நிரம்பி வழியும்போது திறந்துவிட்டுக் கணக்கில் எழுதிக்கொள்வது வடிகால், பங்கீடு இல்லை.

நடந்ததைப் பாருங்கள். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை. 2020, 2021இல் திறந்தார்கள். 2022இல் மே 24லேயே திறந்தார்கள். 2023இல் ஜூன் 12இல் திறந்து, நம்பி விதைக்க வைத்து, அக்டோபர் 10இல் மூடினார்கள். குறுவை கருகியது, சம்பா தள்ளாடியது. 2024இல் ஜூலை 28 வரை திறப்பு இல்லை. திறந்த இரண்டு நாளில் அணை நிரம்பி, ஆகஸ்டில் கொள்ளிடத்தில் லட்சம் கனஅடிக்கு மேல் கடலுக்குப் போனது. ஒரு பக்கம் கொள்ளிடம் கரை புரள, இன்னொரு பக்கம் கடைமடை வாய்க்கால் நனையவில்லை. 2025இல் மறுபடி ஜூன் 12. விவசாயம் என்ன லாட்டரிச் சீட்டா?

கர்நாடகத்து விவசாயி நமக்கு எதிரி இல்லை. அவரும் கடன்பட்டுத்தான் நாற்று விடுகிறார். தீர்ப்பை மாதா மாதம் நிறைவேற்ற வேண்டியது மேலாண்மை ஆணையம். ஆணையத்தை நடத்த வேண்டியது மத்திய அரசு. நம் கேள்வி அவர்களிடம்.

ஆனால் இன்னொரு கேள்வியை உள்ளூரிலேயே கேட்டாக வேண்டும். மேட்டூர் வரை வந்த தண்ணி கடைமடைக்கு ஏன் வரவில்லை? அதற்குப் பெங்களூரைக் கை காட்ட முடியாது. ஜனவரி 28இல் ஆறு மூடுகிறது. பிப்ரவரி, மார்ச் சும்மா போகிறது. ஏப்ரல், மே கடைசியில் டெண்டர். தண்ணி வந்து பொக்லைன் டயரை நனைக்கிற வரை வேலை நடக்கிறது. தண்ணி வந்த பிறகு எவ்வளவு ஆழம் வாரினார்கள் என்று யார் அளப்பது? பெரிய ஆறுகளை வாருகிறார்கள், சி, டி வாய்க்காலைத் தொடுவதில்லை. உடம்பெல்லாம் ரத்தம் ஓடினாலும் விரல் நுனிக்கு ஓடவில்லை என்றால் விரல் என்ன ஆகும்? போதாக்குறைக்கு ஆற்று மணலை அள்ளி அள்ளி ஆறு பள்ளமாகிவிட்டது. வாய்க்கால் தலைப்பு மேலே தொங்குகிறது. ஆற்றில் தண்ணி ஓடும், வாய்க்காலில் ஏறாது. 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில் காட்டன் கட்டிய கொள்ளிடம் மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனதே, அதற்குப் பிறகாவது புத்தி வர வேண்டாமா?

களத்து மேட்டில் கிடக்குது நெல்லு

எல்லாவற்றையும் தாண்டி விளைந்துவிட்டது என்று வையுங்கள். அடுத்த பாடு கொள்முதல் நிலையத்தில்.

2025–26 கொள்முதல் பருவத்துக்கு மத்திய அரசு சாதாரண ரகத்துக்கு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,389. மாநில அரசு ஊக்கத்தொகை சேர்த்து 2,500, 2,545. அதாவது 40 கிலோ சிப்பம் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய். 2,500 தருவோம் என்று 2021 தேர்தலில் சொன்னார்கள். அந்த வருஷம் மத்திய அரசு விலை 1,940. அன்றைக்கே கொடுத்திருந்தால் அது உதவி. நாலு வருஷம் கழித்து, உரம், டீசல், அறுவடை மெஷின் வாடகை எல்லாம் ஏறின பிறகு கொடுத்தால் எதற்குக் காணும்?

கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004இல் அமைந்த தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவோடு 50 சதவீதம் சேர்த்து விலை கொடுக்கச் சொன்னது. நிலத்தின் வாடகையையும் போட்ட முதலுக்கு வட்டியையும் சேர்த்த முழுச் செலவைக் கணக்கிடச் சொல்கிறோம். அவர்கள் அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டு "கொடுத்தாச்சு" என்கிறார்கள். குத்தகை நெல் அளக்கிறவனிடம் போய் நிலத்துக்கு வாடகை இல்லை என்று சொல்ல முடியுமா?

அறிவித்த விலையாவது முழுசாக வருகிறதா? ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசி மழையில். சம்பா அறுவடை தைப் பனியில். இந்த ஊரில் எந்த நெல் 17இல் நிற்கும்? 2022 அக்டோபரில் 19 வரை, 2023 பிப்ரவரியில் 20 வரை தளர்த்தினார்கள். தளர்த்த முடியும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள். அப்புறம் ஏன் வருஷா வருஷம் நெல் முளைத்த பிறகு கடிதம், கடிதத்துக்குப் பிறகு மத்தியக் குழு, குழு வந்து மாதிரி எடுப்பு, அதுவரை தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ராத்திரி காவல்? 2025 அக்டோபரிலும் இதுதான் நடந்தது. சாக்கு இல்லை, லாரி இல்லை, அடுக்க இடம் இல்லை. மூட்டைகள் ரோட்டோரத்தில் நனைந்தன.

எடைபோடும்போது சிப்பத்துக்கு ஒரு கிலோ கூடப் போனால் 25 ரூபாய் போச்சு. இரண்டு கிலோ போனால் 50. அதுக்கு மேல கையிலே வேறு கேட்கிறாங்க. நூறு சிப்பம் கொண்டுபோகிறவன் எவ்வளவு இழக்கிறான் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பொறுக்க முடியாமல் வியாபாரியிடம் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வருகிறான். அங்கே சுமை தூக்கும் தொழிலாளிக்கு நிரந்தரக் கூலி இல்லாததையும் சேர்த்தே சொல்கிறோம். அவர் வயிற்றையும் நம் வயிற்றையும் மோத விட்டுவிட்டு மேலே இருப்பவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

சட்டம் பேப்பரில் இருந்தால் போதாது

மீத்தேனுக்கும் ஹைட்ரோகார்பனுக்கும் எதிராக இந்த மண்ணே எழுந்தது. நம்மாழ்வார் ஐயா அந்தப் பிரச்சாரத்தில் இருந்தபோதுதான் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை பக்கத்தில் காலமானார். 2017இல் நெடுவாசல், கதிராமங்கலம். ஜனங்கள் விடாமல் உட்கார்ந்ததால்தான் 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. வரவேற்றோம். இது நம் வெற்றி. அதற்கும் முன்னால், கடலோரத்து இறால் பண்ணைகளால் வயல் உப்பாகிறது என்று சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அதுவும் நம் ஜனங்கள் போராடிப் பெற்றதுதான்.

ஆனால் ஒன்று. எண்ணெய்க் கிணறு தோண்டாமல் இருந்தால் மட்டும் விவசாயம் பாதுகாக்கப்பட்டுவிடுமா? தண்ணி வராத வயலும், விலை கிடைக்காத நெல்லும் ஒரு விவசாயியைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடும். பையன் திருப்பூருக்குப் போவான். நிலம் தரிசாகும். தரிசான நிலத்தை வாங்க யார் வருவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கடைமடை காய்ந்தால் கடலும் உள்ளே வரும். நன்னீர் வந்து தள்ளாத இடத்தில் உப்புநீர் ஏறும். இன்று கடைமடை, நாளைக்கு நடுமடை. மேல் டெல்டா விவசாயிகளும் இதை யோசிக்க வேண்டும்.

நமது கோரிக்கைகள்

1. மாதாந்திரப் பட்டியல்படி காவிரி நீரைப் பெற்றுத் தர வேண்டும். மேட்டூர் திறப்பு நாளை மட்டும் அல்ல, கடைமடைக்குத் தண்ணி வந்து சேரும் நாளையும் ஆறு வாரியாக அறிவிக்க வேண்டும்.

2. தூர் வாரும் பணியைப் பிப்ரவரியில் தொடங்கி மே மாதத்துக்குள் முடிக்க வேண்டும். சி, டி வாய்க்கால்களையும் வடிகால்களையும் முகத்துவாரங்களையும் சேர்க்க வேண்டும். மதிப்பீட்டை ஊரில் எழுதி வைத்து, பாசனதாரர்கள் அளந்து கையெழுத்திட்ட பிறகே பில் போட வேண்டும்.

3. காலியாக உள்ள லஸ்கர் பணியிடங்களை நிரப்ப வேண்டும்.

4. அறுவடைக்கு முன்பே கொள்முதல் நிலையங்களைத் திறக்க வேண்டும். டெல்டாவுக்கு ஈரப்பதம் 22 சதவீதம் என நிரந்தர விதி வேண்டும். நிலையந்தோறும் மேற்கூரையும் உலர்த்தும் இயந்திரமும் வேண்டும்.

5. முழு உற்பத்திச் செலவோடு 50 சதவீதம் சேர்த்து நெல்லுக்கு விலை வேண்டும். அதற்குச் சட்ட உத்தரவாதம் வேண்டும்.

6. கோவில், மடம் உள்ளிட்ட நிலங்களின் குத்தகைதாரர் அனைவரையும் பதிவு செய்து, நிவாரணமும் காப்பீடும் சாகுபடி செய்பவர் பேரிலேயே வழங்க வேண்டும். பட்டா ஒருத்தர் பேரில், பாடு ஒருத்தர் தலையில் என்பது ஒழிய வேண்டும்.

7. பயிர் அழிந்தால் வேலை இழக்கும் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் நிவாரணம் வேண்டும்.

தோழர்களே! இதில் எந்தக் கோரிக்கையாவது அதிகம் என்று யாராவது சொல்ல முடியுமா? தில்லியின் எல்லையில் 2020இலும் 2021இலும் வெயிலிலும் குளிரிலும் விவசாயிகள் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தார்கள். மூன்று சட்டங்களும் வாபஸ் ஆயின. நம் தாத்தாக்கள் பண்ணையடிமையை ஒழித்தார்கள். நம்மால் ஒரு வாய்க்காலை வார வைக்க முடியாதா?

வட்டாட்சியர் அலுவலகங்கள் முன்பு நடக்க இருக்கும் காத்திருப்புப் போராட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும். கூடவே ஒரு வேலை. உங்கள் ஊர் வாய்க்கால் எங்கே மேடாக இருக்கிறது, எந்த மதகு பழுது, தண்ணி போன வருஷம் எந்தத் தேதியில் வந்தது என்று ஒரு தாளில் எழுதி, பத்துப் பேர் கையெழுத்தோடு கொண்டு வாருங்கள். "புள்ளிவிவரம் இல்லை" என்று யாரும் நம்மிடம் சொல்ல முடியாதபடி மேஜை மேல் வைப்போம். பதில் எழுத்தில் வரும் வரை எழுந்திருக்க மாட்டோம்.

கட்சி வேறாக இருக்கலாம், சாதி வேறாக இருக்கலாம். வாய்க்கால் ஒன்று. ஒன்றுபடுவோம்! போராடுவோம்! கடைமடைக்குத் தண்ணி கொண்டு வருவோம்!